அண்ணாவின் தலையில் ஒரு கட்டி

2024 மே 4, வெள்ளவத்தை
அண்ணாவின் பின்னந்தலைக் கட்டி திரும்ப வந்திருக்கிறது. போன வருஷம் ஒரு தனியார் இடத்தில் "கொழுப்புக்கட்டிதான்" என்று வெட்டி, எடுத்ததைச் சோதனைக்கே அனுப்பாமல் எறிந்துவிட்டார்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை. இப்போது அதே தழும்பில் ஊதா நிறத்தில் சின்னச் சின்ன மேடுகள். நோவில்லை என்பதால் அவருக்கு அக்கறையுமில்லை. செட்டியார் தெருக் கடைக் கணக்குத்தான் பெரிது. அண்ணி விட்ட ஏச்சில்தான் டொக்டரிடம் வரச் சம்மதித்தார்.

மே 11
தோல் டொக்டர் கட்டியை விரலால் அசைத்துப் பார்த்தார். கொழுப்புக்கட்டி என்றால் தோலுக்குக் கீழே வழுகுமாம். இது தோலோடு சேர்ந்தே அசைகிறது. கொழுப்புப் படை வரைக்கும் ஆழமாக ஒரு துண்டை வெட்டிப் பயொப்சி சோதனைக்கு எடுத்தார்.

மே 29
வெசாக் லீவால் பிந்திய ரிப்போர்ட் வந்தது. டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா ப்ரொட்யூபரன்ஸ். பெயரை வாசித்ததுமே அண்ணி அழத் தொடங்கிவிட்டார். தோலில் வரும் அரிய சார்கோமா, அதாவது இணைப்புத் திசுவில் தொடங்கும் ஒரு வகைப் புற்றுநோய். வந்தாலும் பெரும்பாலும் முதுகு, நெஞ்சு, தோள் பக்கம்தான், தலையில் குறைவு. கட்டியின் கலங்களில் தேடிப்பார்த்த இரண்டு புரதங்களில் சீடி34 பாசிட்டிவ், ஃபக்டர் 13ஏ நெகட்டிவ். சாதாரண தோல் கட்டி இல்லையென்று காட்டிக்கொடுத்தவை இவைதான். 17ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்ள, கலத்தைப் பெருகச் சொல்லும் புரதம் ஓயாமல் உண்டாகிறதாம். பரம்பரை நோய் இல்லை. "அப்பா வழியா, அம்மா வழியா?" என்று கேட்கிற மாமிக்கு இதைச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டது.

ஜூன் 7, மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி
எம்.ஆர்.ஐ.யில் மண்டையோட்டுக்கு ஒன்றுமில்லை. அப்பாடா!
தூர இடங்களுக்குப் பரவுவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். தொல்லை வேறு: கொழுப்புக்குள் தேன்கூடு போலப் புகுந்து, வெளியே தெரியாமல் பக்கவாட்டில் போய்விடும். அதனால் சுற்றிவர இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நல்ல தோலையும், எலும்பைப் போர்த்திய சவ்வையும் சேர்த்தே எடுக்க வேண்டுமாம். வெட்டியெடுத்த துண்டின் விளிம்பில் கட்டி மிச்சமா என்று சொல்லும் ரிப்போர்ட் வரும்வரை காயத்தை மூடவும் மாட்டார். மூடின பிறகு மிச்சம் இருக்கிறதென்று தெரிந்தால் எங்கே தேடுவது?

ஜூன் 25
ஒப்பரேஷன் முடிந்தது. டிரெஸ்ஸிங் மாற்றும்போது பார்த்தேன்: என் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. அண்ணா கண் விழித்ததும் கேட்டது, கடைச் சாவி யாரிடம் என்று.

ஜூலை 6
விளிம்பும் சுத்தம், அடியும் சுத்தம். மிச்சம் இருந்திருந்தால் திரும்ப வெட்டு. வெட்ட முடியாதென்றால் கதிர்ச்சிகிச்சை, அல்லது இமாடினிப் மாத்திரை. இரத்தப் புற்றுநோய்க்கென்று வந்த மருந்து அது. 2006இல் அமெரிக்காவில் இதற்கும் அனுமதித்தார்கள். நல்லகாலம், எங்களுக்குத் தேவைப்படவில்லை.
இனிப் பக்கத்துத் தலைத்தோலை நகர்த்தி மூடி, மிச்ச இடத்துக்குத் தொடைத்தோல் ஒட்டுவார்கள். ஒட்டின இடத்தில் முடி முளைக்காது. "வழுக்கை எப்படியும் வரத்தானே இருந்தது" என்கிறார் அண்ணா.

ஆகஸ்ட் 19
தொப்பி போட்டுக்கொண்டு கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார். திரும்ப வருவதென்றால் அநேகமாக முதல் மூன்று வருஷத்துக்குள் என்பதால், ஆறு மாதத்துக்கொருமுறை கிளினிக். இடையில் தழும்பைத் தடவிப் பார்ப்பது அண்ணியின் பொறுப்பு. மாமி முடி வளர எண்ணெய் கொண்டுவந்திருக்கிறார். டொக்டரைக் கேட்காமல் பூசக் கூடாதென்று சொல்லிவிட்டேன், அவருக்குக் கோபம்.