ஆர்எச்சிஎஸ்ஏ இரண்டாம் முயற்சி: நாற்பது நிமிடங்களைத் தின்ற பழைய அமர்வு

நேற்று மாலை ஆர்எச்சிஎஸ்ஏ (ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வு) முடிவு வந்தது. தேர்ச்சி! 300-க்கு 210 வேண்டும். முதல் முயற்சியில் 197-இல் நின்றவன் நான். அந்த 13 மதிப்பெண்கள் எங்கே போயின என்று எனக்கு நன்றாகவே தெரியும். தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது. ஆகவே அதே தவற்றை வீட்டு ஒத்திகையில் நான் மறுபடியும் செய்த கதையைச் சொல்கிறேன்.

ஏற்கெனவே உள்நுழைந்திருந்த ஒரு பயனரைப் புதுக் குழுவில் சேர்த்தேன். கோப்புறை அந்தக் குழுவுடையது, அனுமதி 2770, அதாவது குழுவில் இருப்பவர்கள் எழுதலாம். ஆனால் அவருடைய டெஸ்க்டாப்பில் முனையம் (கட்டளை அடிக்கும் சாளரம்) திறந்து எழுதப் போனால் அனுமதி மறுப்பு. சிஎச்மாட், ஏசிஎல், எஸ்இலினக்ஸ் என்று கோப்பு அணுகலை ஆளும் அமைப்புகளில் ஒழுங்காக இருந்ததையெல்லாம் கலைத்துப் போட்டேன். நாற்பது நிமிடங்கள் போயின. கோளாறு கோப்புறையில் இல்லவே இல்லை.

பயனரின் குழுப் பட்டியல் அவர் உள்நுழையும் நேரத்தில் ஒருமுறை அந்த அமர்வோடு (உள்நுழைவு முதல் வெளியேறுவது வரை) ஒட்டப்படுகிறது. அதன்பின் அதில் பிறக்கும் செயல்முறைகள் (ஓடும் நிரல்கள்) எல்லாம் அதையே சுமக்கின்றன. புது முனையம் திறந்தாலும் அது பழைய அமர்வின் பிள்ளைதான்.

என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு வழக்கம். குழுக்களைக் காட்டும் ஐடி கட்டளையை இரண்டு முறை அடியுங்கள். பயனர் பெயரோடு அடித்தால் பதிவேட்டில் உள்ள குழுக்கள் வரும். பெயரில்லாமல் அடித்தால் இந்த ஷெல் (முனையத்தில் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) கையில் வைத்திருக்கும் குழுக்கள் வரும். இரண்டும் வேறாக இருந்தால் கோப்பு அனுமதிகளைத் தொடவே தொடாதீர்கள்.

வெளியேறி மீண்டும் நுழைந்தால் போதும் என்பார்கள். நான் அவசரக்காரன், வெளியேறிய கையோடு கடவுச்சொல்லை அடித்தேன். பழைய குழுக்களே வந்தன. கடைசி அமர்வு முடிந்த பிறகும் பயனருக்கான சிஸ்டம்டி மேலாளர் (அவருடைய நிரல்களைத் தொடங்கி நடத்தும் பின்னணி நிரல்) இயல்பாக 10 வினாடிகள் உயிரோடு இருக்கும். க்னோம் டெஸ்க்டாப் அதன் வழியாகவே எழுவதால் பழைய பட்டியலும் கூடவே வந்துவிடுகிறது. அதே பயனரின் எஸ்எஸ்எச் இணைப்பு (வேறு கணினியிலிருந்து நுழைவது) ஒன்று எங்காவது திறந்திருந்தால் எத்தனை வினாடி காத்தும் பயனில்லை. லாகின்சிடிஎல் கட்டளை மூலம் அந்தப் பயனரின் அமர்வுகளை முடித்துவிடுங்கள், அல்லது மறுதொடக்கம் செய்யுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- பயனர் கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் சிறிய ஏ இல்லாமல் பெரிய ஜி விருப்பம் மட்டும் கொடுத்தால் மற்றக் கூடுதல் குழுக்கள் பறிபோகும். சூடோவுக்கு (நிர்வாகி உரிமையோடு கட்டளை இயக்குவது) அனுமதி தரும் வீல் குழுவை அப்படித்தான் இழந்தேன். பழைய அமர்வில் சூடோ ஓடிக்கொண்டே இருந்ததால் தெரியவில்லை. மறுதொடக்கத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.
- குழுவை மாற்றும் நியூகுரூப் கட்டளை அந்த ஒரு ஷெல்லுக்கு மட்டும். முதன்மைக் குழுவும் மாறுவதால் புதுக் கோப்புகள் அந்தக் குழுவின் பெயரில் விழும். கோப்பு மேலாளருக்கு இதனால் எதுவும் மாறாது.
- சோதிக்க மட்டும் என்றால் எஸ்யூ கட்டளை (அந்தப் பயனராக நுழைவது), ஒரு கோடு, பயனர் பெயர். புதுப் பட்டியலோடு ஷெல் கிடைக்கும்.
- ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மேல் சந்தேகமா? ப்ராக் கோப்புறையில் அதன் செயல்முறை எண் கொண்ட கோப்புறைக்குள் ஸ்டேட்டஸ் கோப்பில் குழுக்கள் வரியைப் பாருங்கள்.

இரண்டாம் முறை தேர்வை முடிப்பதற்கு முன் மறுதொடக்கம் செய்து, ஐடியை மூன்று தடவை அடித்துப் பார்த்தேன். ஒரு தடவையே போதும்தான்.