கணக்குக்கு ஒரு மரம்

"சும்மா கணக்குக்கு, ஆயா."

இதைத்தான் சொன்னேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து இசிபிங்கோ பீச்சில் அந்த வீட்டு வராந்தாவில், மரம் வெட்ட லைசன்ஸ் கேட்டு நான் தயாரித்த விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் ஆயாவின் விரல் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "சிரிங்கான்னு போட்டிருக்கியே தம்பி, அது நம்ம வேப்பமரம் இல்ல?"

ஆயாவுக்கு இங்கிலீஷ் என்னைவிட நன்றாக வரும். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அன்றைக்குக் கண்ணாடி உள்ளே இருந்தது. "நீயே வாசிச்சுச் சொல்லேன்" என்றார். நான் வாசிக்கவில்லை, சுருக்கிச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ கொண்டுவரப் போனார்.

பொய் சொன்னேனா என்றால், இல்லை என்று வாதாட எனக்குத் தெரியும். வளவுக்குள் நிற்கும் மரங்களை எல்லாம் பட்டியல் போட வேண்டும், போட்டேன். அந்த மரத்துக்கு இந்த நாட்டில் சிரிங்கா என்றுதான் பெயர், அப்படியே எழுதினேன். ஆனால் பட்டியலுக்குக் கீழே நானாக எழுதிய ஒரு பத்தி இருந்தது. ஆயாவின் விரல் இன்னும் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தால் அதைத் தொட்டிருக்கும்.

2023இல் மின்வெட்டு ஆறாம் நிலை என்கிற மோசமான கட்டம் வரை போன சமயம் அது. ஜொஹானஸ்பர்க்கில் இருக்கும் மகன், அம்மா வீட்டுக் கூரையில் சோலார் போட ஏற்பாடு செய்தார். இங்கே சூரியன் வடக்குப் பக்கம்; ஜூன், ஜூலையில் நன்றாகத் தாழ்ந்துவிடும். வீட்டுக்கு வடக்கே மரம் இரண்டு. ஒன்று கடற்கரை மணலில் தானாக முளைக்கும் சிவப்பு மில்க்வுட். குரங்குகள் அதன் கிளையிலிருந்துதான் கூரைக்குத் தாவும். இன்னொன்று சிரிங்கா. மில்க்வுட்டை அடியோடு எடுத்துவிடுங்கள் என்றார் மகன்.

எடுக்க முடியாது. 1998ஆம் வருடத்துத் தேசிய வனச் சட்டத்தில் 15ஆம் பிரிவு இருக்கிறது. மில்க்வுட் மாதிரி பாதுகாப்புப் பட்டியலில் உள்ள மரத்தை வெட்டுவது மட்டும் இல்லை, சேதப்படுத்தினாலும், வெட்டிய கட்டையை வைத்திருந்தாலும், வண்டியில் ஏற்றிப் போனாலும் லைசன்ஸ் வேண்டும். மீறினால் அபராதம், அல்லது மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பலர் முதலில் நகராட்சிக்குப் போய் நிற்பார்கள். சாலையோர மரமென்றால் நகராட்சி பார்க்கும். சொந்த வளவுக்குள் நிற்கிற பாதுகாக்கப்பட்ட மரத்துக்கு உத்தரவு தர வேண்டியது தேசிய அரசின் வனத்துறை. என் மரம், என் மண், நான் எதற்கு டெல்லிக்கு எழுதிப் போட வேண்டும் என்று ஊரில் கேட்பார்களே, அதே கேள்வியை இங்கே பிரிட்டோரியா என்று மாற்றிக் கேட்பார்கள்.

துறையில் முதலில் பார்ப்பது, வேறு வழி இருக்கிறதா என்பதை. நான் வழி சொன்னேன். மில்க்வுட்டின் கிளைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கவாத்து வேண்டாம், மீதி வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வெளிநாட்டு மரமான சிரிங்காவை எடுத்துவிடலாம். இதுதான் அந்தப் பத்தி. தொழில்முறையில் பார்த்தால் நல்ல பத்தி. இன்றைக்கு வேறொருவர் எழுதிக்கொண்டு வந்தாலும் சரி என்றுதான் சொல்வேன். மில்க்வுட் பிழைத்தது அதனால்தான்.

லைசன்ஸ் வந்தபோது அந்த யோசனை நிபந்தனையாகியிருந்தது.

சிரிங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1860இலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் இங்கே வேம்பைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், இலை ஒத்துப்போன இந்த மரத்தை வேம்பாக்கிக்கொண்டார்கள் போலும். நம் பக்கத்தில் இதற்கு மலைவேம்பு என்று பேர் உண்டு; உறவு பொய்யில்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும்போது ஆயா வீட்டில் கட்டுவது இந்த இலைதான். மரத்தடியில் மஞ்சள் பூசிய கல், ஒரு சூலம், மழையில் வெளுத்த சேலைத் துண்டு. அவருடைய அம்மா நட்ட மரம். நான் முதல் நாளே பார்த்தேன், படமும் எடுத்தேன். விண்ணப்பத்தோடு அனுப்பிய படங்களில் அது இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்து பரவும் தாவரங்கள் பற்றிய விதிகளின்படி நகரப் பகுதியில் சிரிங்கா மூன்றாம் வகை. புதிதாக நடக் கூடாது, விற்கக் கூடாது, பரப்பக் கூடாது. ஏற்கெனவே நிற்பது நின்றுகொள்ளலாம். ஆற்றங்கரை என்றால் கதை வேறு, கட்டாயம் அகற்றவோ கட்டுப்படுத்தவோ வேண்டும். இசிபிங்கோ கழிமுகம் அந்த வீட்டிலிருந்து அவ்வளவு தூரமில்லையே, எப்படியும் ஒருநாள் போக வேண்டிய மரம்தானே என்று கொஞ்ச நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு வரைபடத்தை எடுத்து அளந்து பார்த்தேன். அந்தச் சமாதானம் அளவுக்கு நிற்கவில்லை.

ஆக, அந்த மரத்தைச் சட்டம் விட்டுவைத்திருந்தது. எழுதிக் கொடுத்தது நான்.

அதைவிட உறுத்துவது, எந்த மொழியில் சொன்னேன் என்பது. எங்கள் மரம் வெட்டும் கம்பெனியில் மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திப் பேசிய ஆயா, நான் தமிழில் வணக்கம் சொன்னதும் கேட்டைத் திறந்தவர். "ஊர்ப் பேச்சு" என்று சிரித்தார். மில்க்வுட் இலையைக் கிள்ளிப் பால் வடிவதைக் காட்டி, இது நம் மகிழ மரத்துக்குச் சொந்தம், இரண்டும் ஒரே பேரினம் என்று சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடம் குரங்கு மரம் என்று திட்டினேனே என்றார். அதே தமிழில்தான் பத்து நிமிடம் கழித்து "சும்மா கணக்குக்கு" என்றேன். திருவொற்றியூரில் மகிழடியில் சத்தியம் செய்துவிட்டு சுந்தரர் கண்ணிழந்த கதை நினைவுக்கு வருகிறது. பெரிய இடத்து ஒப்பீடு. அவர் கொடுத்த வாக்கை மீறினார், நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. கேட்ட கேள்விக்குக் குறைத்துப் பதில் சொன்னேன், அவ்வளவே. அவ்வளவுதானா என்று உடனே இன்னொரு கேள்வியும் வருகிறது.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். மகன் பொறுமை இழந்து வேறு ஆளைப் பிடித்திருப்பார். ஒரு சனிக்கிழமை பிக்கப் வண்டியில் செயின்சாவோடு வந்து இரண்டையும் சாய்த்துவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு மரமாவது மிஞ்சியது என்று சொல்லிக்கொள்ளலாம். எது மிஞ்ச வேண்டும் என்று முடிவு செய்ய என்னை யார் கேட்டார்கள் என்பதற்குத்தான் பதில் இல்லை.

நிபந்தனையை முதலில் மகனுக்குத்தான் போனில் சொன்னேன். ஆயாவிடம் அவர் சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். வெட்டுகிற அன்றைக்குப் போனபோது கல்லும் சூலமும் ஏற்கெனவே மில்க்வுட் அடிக்கு வந்திருந்தன. ஆயா என்னைத் திட்டவில்லை. பட்டையில் மஞ்சள் தடவிக்கொண்டே, "இதுக்குப் பொட்டு வைக்கவும் லைசன்ஸ் வேணுமா, தம்பி?" என்றார். உடன் வந்த பையன்களுக்குத் தமிழ் தெரியாது. நான் மட்டும் கேட்டுக்கொண்டேன்.

சிரிங்கா அடிக்கட்டையில் மருந்து தடவாவிட்டால் மறுபடி துளிர்த்துவிடும். தடவினோம். மூன்று மாதம் கழித்து, நிபந்தனைகள் நிறைவேறின என்று படத்தோடு அறிக்கை அனுப்பப் போனேன். கட்டை காய்ந்திருந்தது. குழாயடியில் பழைய பெயின்ட் டின் ஒன்றில் ஒரு முழ உயரத்துக்குக் கன்று. பக்கத்தில் ஈரம். இலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"என்ன ஆயா இது?"

என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "கறிவேப்பில."

புதிதாக நட்டது என்றால் அதை நான் அறிக்கையில் எழுத வேண்டும். சரி ஆயா என்றேன். படம் எடுக்கும்போது டின் உள்ளே வராதபடி கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.