மைனஸ் ஒன்று

வங்கியில் 28 வருஷம் வேலை பார்த்தேன். கடைசி 9 வருஷம் கேரளாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு கிளையில் கல்விக்கடன் மேஜை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு எம்.பி.ஏ. கல்லூரியில் கட்டணப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போகிறேன், சாயங்காலம் தாண்டி வருகிறேன்.

போன ஜூனில் அட்மிஷன் கூட்டம். முதல் செமஸ்டர் கட்டிவிட்டு இரண்டாவதுக்குக் கையை விரிக்கிற பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. "சேரும்போதே சிபில் ரிப்போர்ட் கேட்டுட்டா என்னங்க?" என்றார் நிர்வாகத்தில் ஒருவர். யார் எந்தக் கடனை எப்படிக் கட்டினார்கள் என்று சொல்கிற கடன் வரலாற்றுத் தாள் அது. அமெரிக்காவில் இதெல்லாம் சகஜம் என்று வேறு சேர்த்துக்கொண்டார். அதில் ஓரளவு உண்மை உண்டு. 2011-ல் ஒஹாயோ மாநில உச்ச நீதிமன்றம், சட்டம் படித்த ஒருவரை வழக்கறிஞர் தேர்வுக்கு அனுமதிக்கவில்லை. அவருக்கு 1,70,000 டாலர் அளவுக்குப் படிப்புக் கடன், அடைக்க உருப்படியான திட்டம் எதுவும் கையில் இல்லை என்பது காரணம். படிப்பதற்கு வாங்கிய கடனே படித்த தொழிலுக்குக் குறுக்கே வந்து நின்றது.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பேங்க்காரன் ஆயிற்றே.

எனக்கு அந்த வாரம் வந்திருந்த ஒரு பையன் ஞாபகம் வந்தான். வண்ணாமடைப் பக்கம். பி.காம். முடித்து இரண்டு வருஷம் ஒரு எண்ணெய் மில்லில் கணக்கு எழுதியவன். கடன் கேட்கப் போன இடத்தில் கொடுத்த ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். சிபில் மதிப்பெண் 300-இல் தொடங்கி 900 வரை. அவனுக்கு 560-க்குப் பக்கம். தாளை விரித்துப் பார்த்தால், 14,000 ரூபாய்க்கு ஒரு செல்போன் கடன். மாதவாரியாகக் கட்டம் போட்டு, எத்தனை நாள் தாமதம் என்று எழுதியிருக்கும். 000, 000, 030, 060, 090.

"மச்சானுக்கு வாங்கிக் குடுத்தேனுங்க சார். அவருக்கு ஆதார்ல பேரு தப்பா இருந்துச்சு. டியூ நான் கட்டிக்கறேன்னாரு."

அதற்குக் கீழேயே அவனுடைய பைக் கடன். 24 கட்டம், எல்லாம் 000. ஒரு மாதம்கூடத் தவறவில்லை. மில் சம்பளம் 9,000-த்தில் அதைக் கட்டியிருக்கிறான். அந்தப் பூஜ்யங்களை யாரும் படிப்பதில்லை. மேலே இருக்கிற மூன்றிலக்க எண்ணைப் பார்த்ததும் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அவனுக்கு அடுத்து வந்தவன் பாலக்காட்டுப் பையன். அப்பா ஒரே தவணையில் மொத்தக் கட்டணத்தையும் கட்டிவிட்டார். அவன் பேரில் இதுவரை ஒரு கடனும் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு சிபில் மைனஸ் ஒன்று என்று காட்டும். வரலாறே இல்லை என்று அர்த்தம். நல்லவனா, ஏமாற்றுபவனா, அந்தத் தாளுக்குத் தெரியாது. 17 வயதில் நீட் எழுதி வருகிற பிள்ளைகளுக்கோ கடன் வாங்கும் வயதே ஆகவில்லை. அப்படியானால் இந்த வடிகட்டியில் சிக்குகிறவன் யார்? கொஞ்ச காலம் வேலைக்குப் போய், குடும்பத்துக்காகக் கையெழுத்துப் போட்டு, அப்புறம் படிக்க வருகிறவன்தான்.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று. 2017-ல் ஒரு நர்சிங் பெண்ணின் விண்ணப்பத்தை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்பா பேரில் ஒரு பழைய பயிர்க்கடன் 'செட்டில்டு' என்று இருந்தது. கிணறு வற்றின வருஷம், பாதியைக் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தியதே கடன் கொடுத்த வங்கிதான். அதையே பிறகு குற்றமாக வாசித்தது நான். "சரிங்க சார், அடுத்த வருஷம் பாக்கறோம்" என்று அந்தப் பெண்ணின் அம்மா எழுந்து போனார். மூன்று வருஷம் கழித்து, 2020-ல், பெற்றோரின் மதிப்பெண்ணைக் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்றது கேரள உயர் நீதிமன்றம். 2023 மே மாதம் நீதிபதி பி.வி. குன்ஹிகிருஷ்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார். அந்த வழக்கில் மாணவனுக்கே இரண்டு பழைய கடன். ஒன்றில் 16,667 ரூபாய் பாக்கி, இன்னொன்றை வங்கி தள்ளுபடிக் கணக்கில் எழுதிவிட்டது. அப்படியிருந்தும் 4,07,200 ரூபாயை விடுவிக்கச் சொன்னார். பணம் கொடுக்கிற வங்கிக்கே இதுதான் சட்டம் என்றால், பாடம் நடத்துகிற கல்லூரிக்கு என்ன அவசரம்?

சிபில் வேண்டவே வேண்டாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வங்கி, ஃபைனான்ஸ் வேலைக்குத்தான் போகிறார்கள். கடன் வரலாறு சரியில்லை என்று ஒருவரின் வங்கி அதிகாரி நியமனம் ரத்தானதை 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றே சொல்லிவிட்டது. படித்து முடித்து நேர்முகத்துக்குப் போய் அங்கே மச்சானின் செல்போனைச் சந்திப்பதைவிட, முதல் வாரத்திலேயே சந்தித்துவிடுவது மேல்.

அதனால் நான் கேட்டது ஒரு மணி நேரம்தான். சேர்த்த பிறகு ஒரு வகுப்பு. அவரவர் ரிப்போர்ட்டை அவரவர் போனில் பார்க்க வேண்டும், யாரும் எங்களிடம் தாளைக் கொடுக்கக் கூடாது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான 2005-ஆம் வருஷச் சட்டப்படி வங்கிகள் கேட்டு வாங்குவதுபோல் கல்லூரி கேட்டு வாங்க வழியும் இல்லை. நாட்டில் இந்தக் கணக்கை வைத்திருக்கிற நிறுவனங்கள் நான்கு. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கொடுக்க வேண்டும். நிர்வாகத்தார் 'பார்க்கலாம்' என்றார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியும் என்பதால் ஹாலை நானே போய்ப் பிடித்தேன்.

ஆகஸ்டில் வகுப்பு நடந்தது. ஓடிபி வராமல் கால் மணி நேரம் போயிற்று. பிறகு ஹால் திடீரென்று அமைதியாகிவிட்டது. வண்ணாமடைப் பையன் வராந்தாவில் மச்சானோடு பேசிக்கொண்டிருந்தான். குரல் உயரவில்லை, அதுவரை நல்லது. கடைசி பெஞ்சில் எருத்தேம்பதிப் பெண் ஒருத்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"அம்மா, என்ற பேர்ல குழு லோன் எடுத்திருக்கியா? ... ஒண்ணா? இங்க ரெண்டு காட்டுது."