ஆரம்பாக்கத்தில் கூட்ஸ் வண்டி பார்த்த எட்டு மாதம்

வீடு ஆரம்பாக்கம். ரயில் பாதையில் தமிழ்நாட்டுப் பக்கம் இதுதான் கடைசி ஸ்டேஷன், அடுத்தது தடா, அது ஆந்திரா. ஞாயிறு காலை ஆறரைக்கு நோட்டும் பைனாகுலருமாக வேலிக்கு வெளியே ரோட்டோரம் நின்று, சென்னைக்கும் கூடூருக்கும் நடுவே போய்வருகிற கூட்ஸ் வண்டிகளைக் குறித்து வைக்கிறேன். எட்டு மாதம் ஆயிற்று.

முதல் இரண்டு மாதம் வீண் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் எஞ்சின் நம்பர் மட்டுமே எழுதினேன். எந்தச் சரக்கு எங்கே போகிறது என்று ஒன்றும் பிடிபடவில்லை. டீக்கடை அண்ணன், பக்கத்தில் இருந்தவரிடம் தெலுங்கில் பேசிக்கொண்டே என் பக்கம் திரும்பி, “தம்பி, எஞ்சின் இன்னைக்கு அரிசி இழுக்கும், நாளைக்கு இரும்பு இழுக்கும். பெட்டியைப் பாருப்பா” என்றார். அன்றிலிருந்து பெட்டிதான்.

ஒவ்வொரு பெட்டியிலும் 11 இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வகை: 10 முதல் 29 வரை திறந்த பெட்டி, 30-களில் மூடிய பெட்டி, 40-களில் டேங்கர். அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்று சொல்லும், தெற்கு ரயில்வே என்றால் 06. அதற்கடுத்து செய்த வருடம், பிறகு நான்கு இலக்கம் பெட்டியின் சொந்த எண், கடைசியில், மற்ற பத்தும் சரிதானா என்று சரிபார்க்கும் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம்தான் என்னை இதில் இழுத்துப்போட்டது. லூப் லைனில், அதாவது வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதையில், நின்ற ஒரு பெட்டியில் 22061435171 என்று இருந்தது. இரட்டை இடத்து இலக்கங்கள் 2, 6, 4, 5, 7, கூட்டினால் 24, மூன்றால் பெருக்கினால் 72. ஒற்றை இடத்தில் 2, 0, 1, 3, 1, அது 7. மொத்தம் 79. அடுத்த பத்தின் மடங்கான 80-க்கு ஒன்று குறைகிறது, கடைசி இலக்கமும் 1! அன்று முழுக்க மனதுக்குள் அதே சந்தோஷம்.

சுமை இருக்கிறதா காலியா என்பதற்கு இப்போது எண்ணே வேண்டாம், சக்கரங்களுக்கு நடுவே உள்ள ஸ்பிரிங் அமுங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். கண்ணை மூடினாலும் தெரியும். காலி வண்டி தகரக்கடை மாதிரி கடகடக்கும், சுமை வண்டி வந்தால் காலடியில் மண் அதிரும்.

நான் ரொம்ப நாள் தப்பாக நினைத்தது நிலக்கரி விஷயம். வடக்கேயிருந்து வருகிற திறந்த பெட்டியெல்லாம் எண்ணூர் பக்கம் இருக்கிற வடசென்னை அனல் மின் நிலையத்துக்கு என்று எழுதி வைத்திருந்தேன். அங்கே பெரும்பாலும் கரி கடல்வழியாக வருகிறது. ஒடிசா சுரங்கத்திலிருந்து பாரதீப் துறைமுகம் வரை ரயில், அங்கிருந்து கப்பல். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்ததே முக்கியமாக இந்தக் கரிக்காகத்தான், இறக்கியது கன்வேயரிலேயே வடசென்னை மின் நிலையத்துக்குப் போய்விடும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்குவது நின்றபின் அந்தச் சரக்கும் எண்ணூருக்கு வந்தது. இதைப் படித்ததும் ஒரு சனிக்கிழமை லோக்கல் பிடித்து, எண்ணூர்த் துறைமுகத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனான அத்திப்பட்டு போனேன். துறைமுகப் பக்கமிருந்து கரி நிரம்பிய வண்டி மெதுவாக வெளியே வந்து சென்னை பக்கம் போயிற்று. மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு இப்படித்தான் போகும். எண்ணினேன், 58 பெட்டி, கடைசியில் கார்டு வேன். வீட்டுக்கு வந்து பழைய பக்கங்களில் ‘எண்ணூர்’ என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு ‘தெரியாது’ என்று மாற்றினேன்.

இந்த மாதம் குறித்ததில் ஒரு எண் மட்டும் கணக்குக்கு வரவில்லை, சரியாக 5 தள்ளி நிற்கிறது. பெயின்ட் உதிர்ந்திருந்த பெட்டி அது. 3-ஐ 8 என்று படித்தால் எந்த இடத்தில் இருந்தாலும் 5 தான் தள்ளும், அதனால் என் சந்தேகம், நான் 8 என்று எழுதியிருக்கிற எட்டாவது இலக்கத்தின் மேல். ஓரத்தில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மூடிய பெட்டி, கதவுக்கு இடப்பக்கம் நசுங்கியிருக்கும், மறுபடி இந்தப் பக்கம் வந்தால் தெரிந்துவிடும்.