மூன்றாம் எண் கூண்டும் சிவன் கண் கூடையும்

மூன்று நாளாகத் தேடிய கத்தரிக்கோல் இன்று காலை கிடைத்துவிட்டது. அதாவது, எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எடுக்கத்தான் முடியாது.

திங்கட்கிழமையிலிருந்து சொல்கிறேன். நாகையிலும் காரைக்காலிலும் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டதாக டிவியில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் உடனே கோழிக்கூண்டை எங்கே ஏற்றுவது என்று பேச்சு ஆரம்பித்தது. மாட்டைப் பற்றிக் கவலையில்லை. கஜா புயலுக்குப் பிறகு கொட்டகைக்குக் கான்கிரீட் தூண் போட்டாயிற்று. ஆடுகள் திண்ணைக்கு வந்தன. பூனையை யாரும் கூப்பிடவில்லை, அது முதல் ஆளாக நெல் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மணி வழக்கம்போல் மாமாவின் கட்டிலுக்கு அடியில். காவலுக்கு என்று வளர்க்கும் நாய் அது.

எங்கள் தெருவில் இப்போது ஆளுக்கொரு வானிலை மையம். என் வீட்டுக்காரர் ஐரோப்பிய மாடல் கட்சி. எதிர்வீட்டுச் சித்தப்பா அமெரிக்க மாடல். இரண்டு பேரும் டீக்கடையில் போனை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தால் பாகப்பிரிவினை வழக்கு என்றுதான் நினைக்கத் தோன்றும். ஒன்று வேதாரண்யம் என்றது, இன்னொன்று ஆந்திரா என்றது. மாமாவுடையது பசுமாட்டு மாடல். மாடு கிழக்கே பார்த்து நின்றால் மழை, தண்ணீர் குடிக்காமல் நின்றால் புயல். திங்கட்கிழமை அது மேற்கே பார்த்து இரண்டு வாளி குடித்தது. ஆனாலும் மாமா அன்றைக்கு அதை நம்பவில்லை. ஆள் வைத்துத் தென்னையில் காய்ந்த மட்டை, முற்றிய குலை எல்லாவற்றையும் இறக்கினார். மண்வெட்டியோடு போய் வயலின் வடிகாலைத் திறந்துவிட்டு வந்தார். சம்பா தூர் கட்டி நிற்கிற நேரம், தண்ணீர் நின்றால் போச்சு. நம் வடிகாலைத் திறந்தால் மட்டும் என்ன ஆகும்? அது போய்ச் சேரும் வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கத்தரிக்கோலுக்கு வந்து சேர மாட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கே முன்னெச்சரிக்கை என்று கரண்டை நிறுத்தினார்கள். சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் வரிசையாகக் கூப்பிட்டு மெழுகுவத்தி இருக்கிறதா, தண்ணீர் பிடித்தாயா என்று கேட்டே என் போனில் சார்ஜைத் தீர்த்தார்கள்.

புயல் வரவில்லை. ராத்திரி இரண்டு மணி வாக்கில் கொஞ்சம் காற்று, நாலு இடி, ஒரு மழை, அவ்வளவுதான். கடலிலேயே வலுவிழந்துவிட்டதாம். மொத்தச் சேதம், திண்ணையில் கட்டியிருந்த ஆடு தினசரிக் காலண்டரை எட்டித் தின்றது. இந்த வருடத்தில் மிச்சம் இருந்ததை முழுக்கத் தின்றுவிட்டது. அதனால் நாத்தனார் மகளின் வளைகாப்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ண வேண்டியதாயிற்று.

அந்த வளைகாப்புக்குத்தான் வயர் கூடை பின்னிக்கொண்டிருந்தேன். சிவன் கண் என்கிற பின்னல், மெரூனும் சந்தனமும். சாதா முடிச்சு என்றால் டிவி பார்த்துக்கொண்டே போட்டுவிடலாம். சிவன் கண்ணுக்கு நம் கண் இரண்டும் அதிலேயே இருக்க வேண்டும். ஒரு முடிச்சு தப்பினால் நாலு வரிசை தள்ளித்தான் தெரியும், அத்தனையையும் பிரிக்க வேண்டும். ஆடிப்பெருக்கன்று ஆரம்பித்தது. கைப்பிடி ஒன்றுதான் பாக்கி. அலமாரி மேல் இருந்ததைக் காணோம் என்றதும், ஒழுகுகிறதே என்று யாரோ நல்ல மனதோடு எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

நல்ல மனதுதான்.

இன்றைக்கு அடைக்கோழிக்கு ஏழாவது நாள். முட்டையில் கரு பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிற நாள். புயலன்று கோழியை மாமா தன் அறைக்குள் தூக்கிப் போய்ச் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தார். சின்னவன் சாக்கை விலக்கினான். உள்ளே மெரூன் நிறம். தவிட்டைப் பரப்பி, பதினொரு முட்டை வைத்து, அதன் மேல் செவலைக் கோழி, நான் பின்னிய கூடையில், நானே ஒருநாளும் உட்காராத சௌகரியத்தில்.

கையை நீட்டினேன். கொத்திவிட்டது. புறங்கையில் இன்னும் எரிகிறது.

ஒரு முட்டையை எடுத்தபோது அடியில் மஞ்சள் கைப்பிடி ஒன்று தெரிந்தது. பக்கத்தில் அடுப்புக்கரித் துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய்.

"என்ன மாமா இது, என் கத்தரிக்கோல்?"

"இடி இடிச்சா முட்டை கூமுட்டையாப் போயிரும்மா. இரும்பு வைக்கணும்ல."

"வீட்டுல வேற இரும்பே இல்லையா?"

"இருட்டுல அதுதான் கையில ஆப்புட்டுச்சு."

"கூடையும் அப்படித்தானா?"

பதில் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், வாய் வரைக்கும் வந்தது. அன்றைக்கு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். மாமா கட்டில் ஓரத்தில் டார்ச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காலுக்குக் கீழே அந்தச் சாக்கு மூட்டம், பக்கத்தில் நாய். "தூங்கலையா மாமா?" என்றேன். "காத்து திரும்புதான்னு பாக்குறேன்" என்றார். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்தபோது அப்படித்தான் ஆயிற்று. வடக்கேயிருந்து அடித்து, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் நின்று, முடிந்தது என்று எல்லோரும் கதவைத் திறக்கும்போது தெற்கேயிருந்து வந்தது. 34 தென்னையில் 29 போயிற்று. அதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லிக் காட்ட மாட்டார். டார்ச்சை அணைத்துவிட்டு, "அன்னைக்கும் கொட்டகையில ஒண்ணு அடையில இருந்துச்சு. சத்தம் கேட்டும் எந்திரிக்கல அது" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நானும் போய்ப் படுத்துவிட்டேன்.

முட்டை பதினொன்றிலும் கரு பிடித்திருக்கிறது. குஞ்சு பொரிக்க இன்னும் பதினாலு நாள். வளைகாப்புக்குப் பதினொன்று. திருத்துறைப்பூண்டிக்குப் போய் நாலு கட்டு வயர் வாங்கி வந்து மறுபடி அடி போட ஆரம்பித்திருக்கிறேன், இந்தத் தடவை சாதா முடிச்சு. வயர் நறுக்க எதிர்வீட்டுச் சித்தியின் கத்தரிக்கோல்.

சற்று முன் நாத்தனார் போன். "கூடை என்னாச்சு அண்ணி?"

நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார். "அடையில இருக்குன்னு சொல்லும்மா."