ஏடிபி தேர்வு: எழுத்தில் தேறி, ஓட்டிக் காட்டுவதில் தோற்றேன்

சென்னை மீனம்பாக்கத்தில் லக்கேஜ் டிராக்டர் ஓட்டுகிறேன். விமானங்கள் நிற்கும் பகுதியில் ஓட்ட, சாதாரண லைசென்ஸ் போதாது. ஏடிபி என்ற தனி அனுமதி வேண்டும். எழுத்துத் தேர்வில் முதல் முறையே தேறினேன். ஓட்டிக் காட்டச் சொன்னபோதுதான் போனது.

விமானம் நிறுத்தும் இடத்தில் ஓர் ஏ320 விமானம் நின்றது. ஏணி எடுத்தாகிவிட்டது, கதவுகள் மூடியிருந்தன, வயிற்றுக்கு அடியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. விமானம் அசையவில்லையே என்று அதன் வால் பக்கமாகக் கடந்துவிட்டேன். தேர்வாளர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

"பீக்கன் எரிஞ்சதைப் பார்த்தீங்களா தம்பி?"

"பார்த்தேன் சார்."

"பார்த்துட்டுமா வந்தீங்க?"

பீக்கன் என்ற அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் இன்ஜின் ஓடுகிறது, இல்லை ஓடப்போகிறது, இல்லை விமானத்தைப் பின்னால் தள்ளப் போகிறார்கள். புத்தகத்தில் படித்து எழுதியும் இருந்தேன். கண் பார்த்தது, கால் பிரேக்குக்குப் போகவில்லை. இன்ஜினிலிருந்து வரும் காற்று பெட்டி ஏற்றும் காலி டாலியைப் புரட்டிவிடும். மூக்குக்குக் கீழே தரையில் நிற்கும் வண்டி விமானிக்குத் தெரியாது. அதனால் ஒதுங்க வேண்டியது எப்போதும் நாம்தான்.

எழுத்துத் தேர்வில் பலர் தவறவிடுவது முன்னுரிமைக் கேள்வி. தானாக ஓடும் விமானத்துக்கு மட்டுமல்ல, இழுத்துச் செல்லப்படும் விமானத்துக்கும் வழிவிட வேண்டும். ஆபத்தில் இருக்கும் விமானத்தை நோக்கிப் போகும் தீயணைப்பு வண்டிக்கு எல்லோருமே வழிவிட வேண்டும். அப்புறம் பலகைகள்: கருப்பில் மஞ்சள் எழுத்து நீங்கள் நிற்கும் இடம், மஞ்சளில் கருப்பு எழுத்து போகும் திசை, சிவப்பில் வெள்ளை எழுத்து என்றால் கட்டுப்பாட்டு டவரின் அனுமதி இல்லாமல் ஓர் அடிகூடக் கூடாது. ரேடியோ செத்துப்போனால் டவர் விளக்கு காட்டும். நிலையான சிவப்பு என்றால் நில். சிவப்பு மின்னினால் ரன்வேயையோ, ரன்வேக்குப் போய்வரும் பாதையான டாக்ஸிவேயையோ விட்டு உடனே வெளியேறு. இந்த இரண்டையும் மாற்றி எழுதாதீர்கள்.

ரன்வேக்கு முன்னால் தரையில் இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்ட கோடு இருக்கும். முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் அங்கேயே நிற்க வேண்டும். 2020 பிப்ரவரி 15 அன்று புனே ரன்வேயில் ஒரு ஜீப்பும் ஓர் ஆளும் இருந்ததால், வேகமெடுத்து ஓடிக்கொண்டிருந்த ஏ321-ஐ விமானிகள் முன்கூட்டியே தூக்கினார்கள். வால் தரையில் உரசியது. நல்லவேளை, டெல்லியில் பத்திரமாக இறங்கியது. 2022 நவம்பரில் லிமாவில் அப்படி அமையவில்லை. புறப்பட ஓடிக்கொண்டிருந்த விமானம் ரன்வேக்குள் வந்த தீயணைப்பு வண்டியில் மோதி, வண்டியில் இருந்தவர்கள் இறந்தார்கள். கோட்டைப் படிக்கும்போது இந்த இரண்டையும் நினைத்துக்கொள்வேன்.

படிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். டியூட்டி முடிந்ததும் ஒரு சீனியரோடு வண்டியில் உட்கார்ந்து, கண்ணில் படும் பலகை, விளக்கு, விமானத்துக்குச் சைகை காட்டும் மார்ஷலரின் கை எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். பத்து நாள் அப்படித்தான் செய்தேன்.

இரண்டாவது தேர்விலும் ஒரு விமானத்தில் பீக்கன் எரிந்தது. நிறுத்தினேன். விமானத்தைப் பின்னால் தள்ளும் புஷ்பேக் முடிந்து, அது தானாக ஓடி டாக்ஸிவேக்குத் திரும்பும் வரை தேர்வாளரும் நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவரே, "சரி, எடுங்க தம்பி" என்றார்.