கீழ்ச்சூடு இல்லாமல் ரேம் சிப்பைத் தொடவே தொடாதீர்கள்

பழுது பார்த்த பிறகு இரவு முழுவதும் ஓடிய மெம்டெஸ்டில் (ரேமைச் சோதிக்கும் மென்பொருள்) விடியும்வரை ஒரு பிழைகூட விழவில்லை. மதர்போர்டிலேயே பற்றவைத்த டிடிஆர்4 ரேம் உள்ள லேப்டாப் இது. "போர்டையே மாற்ற வேண்டும்" என்று காட்பாடியில் ஒரு கடையில் கைவிரித்துவிட்டார்கள். உடைமையாளர் குடியாத்தத்து மாமா. கீழே விழுந்ததா என்று கேட்டேன். "விழவில்லை தம்பி, பையன் எப்போதும் ஒரு மூலையைப் பிடித்துத்தான் தூக்குவான்" என்றார். அது போதும். அப்படித் தூக்கும்போதெல்லாம் போர்டு வளைகிறது. வளைந்து வளைந்து, ரேம் சிப்பை அடியில் போர்டோடு இணைக்கும் சால்டர் குண்டுகளில் ஓரத்துக் குண்டில் விரிசல் விழுகிறது.

பழுது பார்க்கும் முன்பும் மெம்டெஸ்ட் ஓட்டினேன். ரேமுக்கு 64 தரவுக் கோடுகள், நான்கு சிப்புகள், சிப்புக்கு 16 கோடுகள். பிழை விழுந்த பிட்டுகள் அத்தனையும் 16-க்கும் 31-க்கும் நடுவில். சர்க்யூட் வரைபடத்தில் அந்தச் சிப்பைத் தேடிப்பிடித்து, மேலே விரலை வைத்து அழுத்தியபடி ஓட்டினேன். பிழைகள் சட்டென்று குறைந்தன. சிப்பே செத்திருந்தால் அழுத்தி என்ன பயன்?

இனி அந்தக் குண்டுகளை மறுபடி உருக்கி ஒட்டவைக்கும் வேலைக்கு வருவோம். ஈயம் கலக்காத சால்டர் உருகுவது 217 டிகிரியில். ஹாட் ஏர் மெஷினில் 350 வைத்து மேலிருந்து ஊதுபவர்கள், உள்ளே போர்டு முழுக்கப் படர்ந்திருக்கும் செம்புத் தகட்டை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் ஊதும் சூட்டையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். மேல் முகம் கருகும், அடியில் இருக்கும் 96 குண்டுகளில் பாதி உருகவே உருகாது. மேலிருந்து அனல் காட்டித் தோசை சுட முடியுமா? அடியிலிருந்து சூடாக்கும் ப்ரீஹீட்டரில் வைத்து, போர்டை அவசரமில்லாமல் 150 டிகிரிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். மெஷின் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் முனையைச் சிப்பின் ஓரத்தில் சூடு தாங்கும் கேப்டான் டேப்பால் ஒட்டி, அது சொல்வதை மட்டும் கேளுங்கள். அங்கே 235-ஐத் தாண்டிய பிறகுதான் ட்வீசரைக் கையில் எடுத்தேன்.

முதலில் பக்கத்திலிருக்கும் குட்டிக் கெபாசிட்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது வழுக்கினால் சிப்புக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். சிப் லேசாக ஓர் அமுங்கு அமுங்கும். அப்போது பக்கவாட்டில் மயிரிழை அளவு தள்ளினால், உருகிய சால்டரின் பரப்பு இழுவிசை அதைத் தானாகவே பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். அந்த ஒரு கணத்தைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்! கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் குண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சிப்பைக் கழற்றி ரீபால்தான், அதாவது பழைய குண்டுகளை எடுத்துவிட்டுப் புதுக் குண்டுகள் வைப்பது. வேலை முடிந்ததும் போர்டு தானாக ஆறட்டும், ஊதி ஆற்றாதீர்கள்.

மின்விசிறி கூடாது, காற்று பட்டால் சூடு அலைபாயும். அக்னி நட்சத்திரத்து வேலூரில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ப்ரீஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், போர்டுக்கு முன்னால் நாம் உருகிவிடுவோம். சமையலறை ஓவனில் மதர்போர்டை வேகவைக்கும் கூட்டத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதே ஓவனில் நாளைக்கு கேக் வேறு செய்வார்கள்.

சால்டர் நன்றாக ஒட்டுவதற்குத் தடவும் ஃப்ளக்ஸ் பற்றி ஒரு புலம்பல். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கிய டியூப் அசல் போலவே இருந்தது. சூடு பட்டதும் புகைந்து கறுத்து, ஆல்கஹாலுக்கும் அசையாத பிசினாகிவிட்டது. நல்ல ஃப்ளக்ஸ் தெளிவாகக் கொதித்துச் சிப்பின் அடியில் ஓடும். இப்போது தெரிந்த கடையைத் தவிர வேறெங்கும் வாங்குவதில்லை. விலை கூடுதல்தான், பரவாயில்லை.

மாமாவின் லேப்டாப்புக்கு இன்னும் மூடியே போடவில்லை. ஹீட்சிங்கில் புதுப் பசை தடவி, சூடேறிய நிலையில் இன்னொரு முறை மெம்டெஸ்ட் ஓட்ட வேண்டும். அதற்குள் மனம் ரீபாலுக்குத் தாவிவிட்டது. பழைய போர்டு ஒன்றில் 4 ஜிபியை 8 ஆக்கிப் பார்க்கலாம் என்று ஆசை. பெரிய சிப்பைப் போட்டால் மட்டும் போதாது, ரேம் விவரத்தை பயாஸுக்குச் சொல்லும் ரெசிஸ்டர்களையும் இடம் மாற்ற வேண்டும். குண்டுகளைச் சரியான இடத்தில் வைக்க உதவும் துளைத் தகடான ஸ்டென்சில் வந்துவிட்டது. 0.45 மில்லிமீட்டர் சால்டர் குண்டு வேலூரில் கிடைக்கும் கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.